டாக்கில் ஓட்டை இருக்கு, படம் ஏன் வரலை? ரெண்டு 4கே மானிட்டர் வாங்கும் முன் ஒரு ஆரணிக் கணக்கு

பட்டுச்சேலை டிசைனில் ஒரே ஒரு கட்டம் தப்பிப்போனால் என்ன ஆகிவிடும்?

கிராஃபில் பார்த்தால் கடுகளவுதான். ஆனால், அந்தக் கட்டம்தான் ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி மேலே எழும்பும், பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். தப்பாகக் குத்திய அட்டை ஒன்றை வரிசையில் கோத்துவிட்டால், அது சுற்றி வரும்போதெல்லாம் அதே தப்பைப் பட்டிலும் ஜரிகையிலும் போட்டுக்கொண்டே போகும். கண்ணில் படுவதற்குள் ஒரு முழம் ஓடியிருக்கும்.

அதனால்தான் ஆரணியில் டிசைன் போடுகிறவர்கள் ஸ்கிரீன் விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். முன்பு கிராஃப் பேப்பரில் கலர் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிய வேலை, இன்று கம்ப்யூட்டரில் நடக்கிறது. எளிய டிசைனில் ஒரு நெடுவரிசைக்கு ஒரு கொக்கி, ஒரு கிடைவரிசைக்கு ஒரு அட்டை. 480 கொக்கி, 2,000 அட்டை என்று ஒரு முந்தி வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,60,000 கட்டங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒரு கட்டத்துக்கு நாலு பிக்சல் அகலம், நாலு பிக்சல் உயரம் கொடுத்தால், சாதாரண ஃபுல் எச்டி ஸ்கிரீனில் ஒரே நேரத்தில் 270 வரிசைதான் தெரியும். 4கே மானிட்டரில் 540 வரிசை. அதையே செங்குத்தாகத் திருப்பி வைத்தால் 960 வரிசை, ஏறக்குறைய பாதி முந்தி. ஒரு மானிட்டரில் கிராஃப், இன்னொன்றில் முழுச் சேலையும் எப்படி வரும் என்ற படம், லேப்டாப் ஸ்கிரீனில் வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய மாதிரி. மூன்று ஸ்கிரீன் கேட்பது ஆடம்பரமே இல்லை.

நமக்குத் தெரிந்த ஆரணி அண்ணன் ஒருவர் இப்படித்தான் கணக்குப் போட்டு, 27 அங்குல 4கே மானிட்டர் இரண்டும், ஒரு டாக்கிங் ஸ்டேஷனும் வாங்கினார். டாக் என்றால் தெரியாதவர்களுக்கு: செங்கல்லைவிடச் சின்னதாக ஒரு பெட்டி. லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு யுஎஸ்பி-சி ஒயர் அதற்குள் போகும். பெட்டியின் பின்னால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், இன்டர்நெட் ஒயர் என்று எல்லாவற்றுக்கும் ஓட்டைகள். லேப்டாப்புக்குச் சார்ஜும் அதே ஒயரில் வந்துவிடும். காலையில் ஒரு ஒயரைச் செருகினால் வேலை ஆரம்பம், சாயங்காலம் உருவினால் வீட்டுக்குக் கிளம்பலாம். விலை சில ஆயிரங்களில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டும்.

முதல் நாளே போன். "ரெண்டு டிவி வாங்கி வச்சு ரெண்டுலயும் ஒரே படம் ஓடினா எப்படித் தம்பி இருக்கும்? அந்த மாதிரி இருக்கு."

இது சின்ன விஷயம். விண்டோஸில் புது மானிட்டரைச் செருகும்போது சில சமயம் ஒரே படத்தையே நகலெடுத்துக் காட்டும். கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நாலு விருப்பங்கள் வரும். 'டூப்ளிகேட்' என்றிருப்பதை 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றினால், ஒவ்வொரு மானிட்டரும் தனித்தனி மேஜை ஆகிவிடும். மாற்றினார், வந்தது.

இரண்டாவது நாள் இன்னொரு போன். "படம் வருது. ஆனா மவுஸ் என் பின்னாடியே வரமாட்டேங்குது. கட்டத்துல வைக்கிறேன், பக்கத்துக் கட்டம் நிரம்புது."

இதுதான் நிஜமான சிக்கல். கல்யாண சீசனுக்கு முன்னால் கடைக்குக் கொடுக்க வேண்டிய முந்தி டிசைன் கையில் இருக்கிறது, அட்டை குத்துகிறவர் காத்திருக்கிறார். இந்த நேரத்தில் பக்கத்துக் கட்டம் நிரம்பினால் என்ன அர்த்தம் என்று முதல் பத்தியிலேயே பார்த்துவிட்டோம்.

30-ம் 60-ம்

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று போகச் சொன்னேன். அங்கே ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒரு வரி இருக்கும். அவருக்கு இரண்டு மானிட்டரிலும் 30 ஹெர்ட்ஸ். அதாவது, ஒரு விநாடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது. சினிமா பார்க்க இது போதும், சினிமாவே விநாடிக்கு 24 படம்தான். ஆனால், மவுஸ் பிடித்துக் கட்டம் நிரப்புகிறவருக்குப் போதாது. கை ஒரு இடத்திலும், அம்புக்குறி அரை நொடி பிந்தி வருவதுபோல இன்னொரு இடத்திலும் இருக்கும். நாள் முழுக்கப் பார்த்தால் தலைவலி வேறு. நமக்கு வேண்டியது 60.

அண்ணன் லிஸ்ட்டைப் பார்த்தார். 60 என்ற எண்ணே இல்லை. மானிட்டர் 60-க்கு ஏற்றது. டாக் பெட்டியின் முகப்பில் 'இரண்டு 4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அப்புறம் ஏன்?

இதை நெசவாளருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அச்சில் இருக்கும் பல்லுக்கு ஏற்ற இழைதான் போகும். எத்தனை பாவு சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்கின் பின்னால் இருக்கும் ஓட்டைகள் சுற்றி வைத்த பாவு. லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே ஓடும் அந்த ஒற்றை யுஎஸ்பி-சி ஒயர்தான் அச்சு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம், பயப்படாதீர்கள், பெருக்கல்தான். 4கே படம் என்பது 3,840 பெருக்கல் 2,160. கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் நிறம். விநாடிக்கு 60 முறை. இடைவெளிக்கும் கொஞ்சம் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 12.5 கிகாபிட். அதுவே 30 முறை என்றால் பாதி, ஆறேகால். ஃபுல் எச்டி 60 என்றால் மூன்றேகால்கூட வராது.

இப்போது ஒயரின் பக்கம். யுஎஸ்பி-சி ஒயருக்குள் வேகமான பாதைகள் நாலு ஜோடி இருக்கின்றன. படம் 'டிஸ்ப்ளே போர்ட்' என்ற முறையில் அதில் போகிறது. அதன் 1.4 பதிப்பில் நாலு பாதையும் படத்துக்கே என்றால் சுமார் 25.9 கிகாபிட் கொள்ளும். இரண்டு 4கே, 60-ல் ஓட 25 வேண்டும். மயிரிழையில் நுழைந்துவிடும்.

ஆனால், பெரும்பாலான டாக்குகள் நாலையும் படத்துக்குக் கொடுப்பதில்லை. பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் வேகமாக ஓட வேண்டுமே! அதற்கு இரண்டு பாதையை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைத்தான் படத்துக்கு விடுகின்றன. இரண்டு பாதை என்றால் 13-க்குக் கொஞ்சம் கீழே. அதில் ஆறேகால், ஆறேகால் என்று இரண்டு 4கே 30-ல் ஓடலாம், அல்லது பன்னிரண்டரையில் ஒரே ஒரு 4கே 60-ல் ஓடலாம். இரண்டு 60 ஓடவே ஓடாது. பெட்டியில் எழுதியது பொய்யில்லை. இரண்டு 4கே வருகிறது. 30-ல் என்ற எண் மட்டும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் முகப்பில் இருந்திருக்க வேண்டிய எண்.

பழைய லேப்டாப்பில் டிஸ்ப்ளே போர்ட் 1.2 பதிப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பாதைக்கு எட்டரைக்குச் சற்று மேலேதான் கொள்ளும். ஒரு 4கே, அதுவும் 30-ல். இரண்டாவது 4கேவுக்கு இடமே இல்லை.

தீர்வு ஒரு ஒயர்தான்

டாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் விலை கூடியதை வாங்கலாமா என்று அண்ணன் யோசித்தார். 'வேண்டாம்ணே, லேப்டாப்போட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க' என்றேன். இடது பக்கம் யுஎஸ்பி-சி. வலது பக்கம் யாரும் தொடாத ஒரு எச்டிஎம்ஐ ஓட்டை.

எச்டிஎம்ஐயில் பதிப்பு பார்க்க வேண்டும். 1.4 பதிப்பு என்றால் 4கே 30-ல் நின்றுவிடும். 2013-ல் வந்த 2.0 பதிப்பு என்றால் 4கே 60-ல் ஓடும். லேப்டாப் மாடலின் முழு எண்ணைக் கூகுளில் போட்டு, தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் பார்த்தோம். 2.0 இருந்தது. ஒரு மானிட்டரை டாக்கிலிருந்து உருவி, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் நேராகச் செருகினார். இன்னொன்று டாக்கிலேயே இருந்தது. இப்போது டாக்கின் ஒயரில் ஒரு மானிட்டர்தான், அதற்கு 13 போதும். இரண்டும் 60.

ஆன செலவு ஒரு நல்ல எச்டிஎம்ஐ ஒயர். பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த ஒயரை இதற்குப் போடாதீர்கள், 4கே 60-ல் படம் விட்டு விட்டு வரும். காலையில் இரண்டு ஒயர் செருக வேண்டியிருக்கிறதே என்று மட்டும் அண்ணனுக்கு ஒரு குறை.

உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லையென்றால் வேறு வழிகளும் உண்டு. லேப்டாப்பும் டாக்கும் இரண்டுமே 'டிஎஸ்சி' என்ற சுருக்கும் முறையைத் தெரிந்தவையாக இருந்தால், படம் சுருங்கிப் போய் அந்தப் பக்கம் விரியும், அதே ஒயரில் இரண்டு 60 ஓடும். அதைவிட நிம்மதி தண்டர்போல்ட் 4. லேப்டாப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கும். 2020-ல் வந்த இந்த முறையில், இரண்டு 4கே மானிட்டரை 60-ல் தாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. தண்டர்போல்ட் 3-ல் ஒன்றுதான் கட்டாயமாக இருந்தது. ஓட்டை ஒரே மாதிரி இருப்பதால் குழம்ப வேண்டாம். யுஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அதன் திறமைக்குப் பெயரில்லை. சில லேப்டாப்பில் அந்த ஓட்டை சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் மட்டும்தான். அதில் எந்த டாக்கைச் செருகினாலும் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

மகளின் மேக்

கதை அங்கே முடியவில்லை. அண்ணனின் மகள் சென்னையில் டிசைன் படிக்கிறார். விடுமுறைக்கு வந்தவர், தன் மேக்புக் ஏரை அதே டாக்கில் செருகினார். அது 2020-ல் வந்த எம்1 சிப் மாடல். இரண்டு மானிட்டரையும் டாக்கிலேயே மாட்டிப் பார்த்தால், இரண்டிலும் ஒரே படம். எக்ஸ்டெண்ட் கொடுக்க எங்கே தேடியும் வழியில்லை. "அப்பாவுக்கு வருது, எனக்கு வரலையே அண்ணா, என் லேப்டாப் விலை அதைவிட ரெண்டு மடங்கு" என்று ஒரு நியாயமான ஆதங்கம்.

டாக் அதேதான், மானிட்டர் அதேதான். லேப்டாப் மாறியதும் பதில் மாறிவிட்டது. எத்தனை மானிட்டர் என்பதைத் தீர்மானிப்பது டாக் இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கும் சிப். எம்1 மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் தாங்கும். எம்2 ஏரும் அப்படியே. 2024-ல் வந்த எம்3 ஏரில், மூடியை மூடி வைத்தால் இரண்டு. 2025-ல் வந்த எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலே இரண்டு. போதாக்குறைக்கு, ஒரே ஒயரில் இரண்டு தனித்தனிப் படங்களை அனுப்பும் 'எம்எஸ்டி' முறையில் விண்டோஸ் நன்றாக வேலை செய்யும், மேக் செய்யாது, ஒன்றையே இரண்டாகக் காட்டும். அண்ணனின் டாக் அந்த வகை. விண்டோஸிலும் எல்லையில்லாமல் இல்லை. பழைய இன்டெல் சிப்புகள் லேப்டாப் ஸ்கிரீனையும் சேர்த்து மூன்று படம் தரும், 11-வது தலைமுறை முதல் நான்கு.

எம்1-க்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. 'டிஸ்ப்ளேலிங்க்' சிப் வைத்த டாக் அல்லது அடாப்டர். அது படத்தைப் படமாக அனுப்பாமல், லேப்டாப்பிலேயே சுருக்கி, சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக அனுப்பும். ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும், மேக்கில் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதியும் கொடுக்க வேண்டும். அனுமதியின் பெயரைப் பார்த்துப் பலர் பயந்து மறுத்துவிட்டு, படம் வரவில்லை என்பார்கள். அசையாத கிராஃப், எக்ஸெல், படிப்பு இதற்கெல்லாம் நன்றாகவே இருக்கும். வீடியோ எடிட்டிங், கேம் என்றால் திணறும். ஓடிடியில் படம் போட்டால் மேக்கில் கறுப்புத் திரை வரலாம், காப்புரிமைப் பூட்டு அதை அனுமதிக்காது. மகளுக்கு நான் சொன்னது: இப்போதைக்கு ஒரு 4கே போதும்மா, காலேஜ் முடியும்போது லேப்டாப் மாறும்.

இன்னும் இரண்டு இடத்தில் கண் வைக்கவும்

60 வந்த பிறகும் கிராஃப் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, ஸ்கேலிங். 27 அங்குல 4கேயில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதால் விண்டோஸ் தானாகவே 150 சதவிகிதம் பெரிதாக்கும். புது சாஃப்ட்வேர் இதைப் புரிந்துகொண்டு கூர்மையாகவே வரையும். டிசைன் சாஃப்ட்வேர் பல வருடப் பழசாக இருந்தால், அதன் படத்தை விண்டோஸ் ரப்பர் போல இழுத்து ஒட்டும், கட்டத்தின் விளிம்பு குழையும். சாஃப்ட்வேர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், அங்கே கடைசியில் இருக்கும் கட்டத்தை டிக் அடித்து 'அப்ளிகேஷன்' என்று தேர்ந்தெடுங்கள். மெனு எழுத்துகள் சிறிதாகிவிடும், ஆனால் கட்டம் கட்டமாக நிற்கும்.

இரண்டாவது நிறம். ஒயரில் இடம் பத்தாதபோது சில சமயம் லேப்டாப் ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைக்காமல் நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும். வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகும், நிறம் மட்டும் பக்கத்துப் புள்ளிகளோடு பங்கு போடப்படும். சினிமாவில் தெரியவே தெரியாது. பச்சைத் தரையில் ஒற்றைப் பிக்சல் சிவப்புக் கோடு போடுகிறவருக்கு, கோடு அழுக்காகப் படர்ந்து தெரியும். அதே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் கலர் ஃபார்மட் என்ற வரியில் 'ஆர்ஜிபி' என்று இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் முதலில் எச்டிஆரை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்றபடி, நிறத்துக்கு மானிட்டரை முழுசாக நம்பக் கூடாது என்பது ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜரிகையின் மினுக்கை எந்த 4கேயும் காட்டியதில்லை, நூலின் சாயத்தைக் கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

(ஒரு தகவல், விட மனசில்லை. ஜோசப் மேரி ஜக்கார்டு பிரான்சின் லியோன் நகரில் 1804-ல் இந்த அட்டை முறையைக் கொண்டுவந்தார். 1839-ல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டை ஆனது. அந்தப் படம் ஒன்றை வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு ஓட்டை அட்டை யோசனையை அவர் எடுத்துக்கொண்டது தறியிலிருந்துதான். அந்த வகையில் லேப்டாப் தறிக்குச் சொந்தக்காரப் பிள்ளை.)

எல்லோருக்கும் 4கே வேண்டுமா? வேண்டாம். டியூஷன் எடுக்கும் டீச்சர், கணக்கு எழுதும் ஆடிட்டர் ஆபீஸ், ஊரிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள், இவர்களுக்கு இரண்டு ஃபுல் எச்டி தாராளம். இரண்டுக்கும் சேர்த்து ஆறரை கிகாபிட்தான், சாதாரண டாக்கே இழுத்துவிடும். கட்டம், தையல், வரைபடம், போட்டோ என்று பொடிப்பொடியாகப் பார்க்கிறவர்கள் மட்டும் 4கேவுக்குப் பணம் போடுங்கள்.

டாக் வாங்கும்போது வாட்டையும் பாருங்கள். உங்கள் சார்ஜரில் 100 வாட் என்றிருந்து, டாக் லேப்டாப்புக்கு 60 வாட்தான் தரும் என்றால், வேலை நடக்கும்போதே பேட்டரி மெல்ல இறங்கும். அண்ணன் லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரையும் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளில் இன்னொரு வேடிக்கை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், டாக்கும் மானிட்டரும் செத்துவிடும், மூன்று ஸ்கிரீனில் பரப்பி வைத்ததெல்லாம் ஒரே ஸ்கிரீனுக்குள் வந்து விழும். சேவ் ஆகாத டிசைன் போகாது, ஆனால் எது எங்கே என்று தேட நேரமாகும். மானிட்டர் ஒன்றையும் டாக்கையுமாவது யுபிஎஸ்ஸில் வைப்பது நல்லது.

வாசகர்களுக்கு ஒன்று. 'எந்த டாக் வாங்கலாம்?' என்று ஒற்றை வரியில் அனுப்பினால் என்னால் பதில் சொல்ல முடியாது. மூன்று போட்டோ அனுப்புங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண் ஸ்டிக்கர், இரண்டு பக்க ஓட்டைகள், மானிட்டரின் பின்பக்கம். ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருந்தால் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். அடுத்த வாரம் யுபிஎஸ் கணக்கு: இரண்டு மானிட்டரும் ஒரு டாக்கும் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று பார்க்கலாம்.